நோன்பு மாதத்துச் சோதனை

பேராசிரியர் பதவிக்கு நஸ்லா நம்பியிருந்தது ஒரு கையை. அதுவும் தன் கையல்ல, மச்சான் பர்ஸானுடையது.

சூடேறினால் சுருங்கி, ஆறினால் நீளும் கம்பிகளோடு ஆய்வுகூடத்தில் இளமையைத் தீர்த்தவள் அவள். சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் பர்ஸானுக்கு வலக்கை நரம்பறுந்து விரல்கள் மடங்காமல் போனபோது, அந்தக் கம்பிகளைக் கையுறையில் தைத்துக் கொடுத்தாள். பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகி விரல்கள் மூடும். அணைத்தால் ஆறித் திறக்கும். பற்றரி நாள் முழுக்கத் தாங்கட்டுமென்று, குறைந்த சூட்டிலேயே சுருங்கும் கம்பியாகத் தெரிந்தெடுத்தாள்.

நோன்பு மாதம் முழுக்கச் சோதனை. ஒருமுறைகூடப் பிசகவில்லை. கட்டுரை வெளியானது. பர்ஸானின் மனைவி, அவளது ராத்தா றஹீமா, பெருநாள் வட்டிலப்பத்தோடு அந்தச் செய்தியையும் வீடு வீடாகக் கொடுத்தாள்.

பெருநாள் கழிந்து உச்சிவெயிலில் வலை இழுத்தார்கள். வலையை இழுக்கக் கரையில் நிறுத்திய உழவு இயந்திரத்தின் உருளை கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. கயிற்றை நேர்படுத்தப் பிடித்த பர்ஸான், பொத்தானை அணைத்தார். கை விடவில்லை. வெயில் கம்பியை ஆறவிடவில்லை. உருளை முழங்கைவரை எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றபோதுதான் நஸ்லாவுக்கு உறைத்தது. நோன்பில், விடியுமுன் சஹர் சாப்பாட்டை முடித்துக் கடலுக்கு இறங்குபவர்கள் வெயில் ஏறுமுன் வலையைக் கரையேற்றிவிடுவார்கள். அவளது சோதனையில் மத்தியானமே இல்லை.

"என்னகா பிழைச்சிச்சி?" றஹீமா கேட்டாள்.

"நோன்புல சோதிச்சதுதான் ராத்தா."

"சீ! நோன்புக்கு மேல பழி போடாத. எல்லாம் அல்லாஹ்ட கத்ரு, அவன் எழுதின விதி."

"கத்ரில்ல. எண்ட மடத்தனம்."

பர்ஸான் கண் திறக்கவில்லை. "ரெண்டு பேரும் வெளிய போய்க் கதைங்க. இரிக்கிற கையாவது தூங்கட்டும்."

நேர்முகத் தேர்வில் நஸ்லா எல்லாவற்றையும் சொன்னாள்.

"விபத்து சோதனைக்குப் பிறகுதானே, மிஸ்?" என்றார் தலைவர். "உங்கட தரவு நல்ல சுத்தம். அத ஏன் நீங்களே கெடுக்கிறீங்க?"

"வெயில் படாத தரவு சேர். வேற யாரும் இந்தக் கையப் போட்டுட்டு வெயில்ல நிக்கக்கூடாது."

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பதவி வேறொருவருக்குப் போனது.

"அவர்ட கையும் போய்ட்டு, உண்ட பதவியும் போய்ட்டு," என்றாள் றஹீமா. "வாய மூடிட்டு இருந்திருந்தா ஒண்டாவது மிஞ்சியிருக்கும்."

நஸ்லா எழுந்து உள்ளே போனாள். பர்ஸான் தண்ணீர்ப் போத்தலை முழங்காலிடுக்கில் வைத்து, இடக்கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் நீட்டிய கையை அவர் பார்க்கவேயில்லை.