அதேயுஷ் சொன்னால் கரையும் குழாய்

ஆய்வுக்கூடத்தின் அபாய மணி அலறி எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கண்ணாடித் தொட்டியில் கிடந்த மெல்லிய மருத்துவக் குழாய்கள் அத்தனையும் ஒரே நொடியில் கரைந்து போயிருந்தன. உதவியாளர் ஒட்டீலியா ஓய்வு பெற்ற நாள் அது. மேல்கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "அதேயுஷ், பிள்ளைங்களா!" என்றாள். அவ்வளவுதான். மாதக்கணக்கில் கரைய மறுத்தவை தண்ணீராகிவிட்டன.

அந்தக் கடற்கரை ஊரான அப்பூலியாவில் அதேயுஷ் என்பது சவப்பெட்டியிடமும், கப்பலேறி ஒரேயடியாகப் போகிறவனிடமும் சொல்லி விடைபெறுகிற வார்த்தை. மற்ற நேரங்களில் எல்லோரும் "நாளைக்குப் பார்ப்போம்" என்பார்கள். விளக்கை அணைக்கும்போது ஒட்டீலியாவும் தொட்டியைப் பார்த்து அதைத்தான் தினமும் சொல்லி வந்தாள். குழாய்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மறுநாள்வரை இருந்தன. அவை அந்தக் கரையில் ஒதுங்கும் கடற்பாசியின் பசையால் ஆனவை. உள்ளூர்ப் பேச்சு அவற்றுக்குப் புரிந்ததில் யாருக்கும் வியப்பில்லை.

டாக்டர் பெனதீத்தாவுக்கு மட்டும் நிம்மதி. சிறுநீரகக் கல்லை எடுத்தபின் அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் பாதை வீங்கி அடைத்துக்கொள்ளும். அது திறந்திருக்க உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள். பிளாஸ்டிக் குழாயைத் திரும்பவும் கருவி விட்டு உருவ வேண்டும். மறந்துவிட்டால் அதன்மேலேயே கல் படியும். தானாகக் கரையும் குழாய்க்காக அவள் இளமையைச் செலவழித்திருந்தாள். பன்றிகளுக்கு வைத்துப் பார்த்தபோது சிக்கலில்லாமல் கரைந்தது. பன்றிகளிடம் யாரும் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விடைபெறுவதில்லை.

முதல் மனிதர் மீனவர் அபீலியு. அவருக்கு இருந்ததே ஒரு சிறுநீரகம். அந்த 'நாளைக்கு' வாய்தவறி வந்துவிடக் கூடாதென்று நர்ஸுகள் அவர் அறையிலிருந்து பேசாமல் வெளியேறினார்கள். மனைவி இதாலினா வாயைத் துணியால் கட்டிக்கொண்டே வந்து போனாள். அப்படியும் குழாய் கரையவில்லை. பாதி இளகியும் இளகாமலும் இருந்ததால் உருவினால் அறுந்துவிடும். எக்ஸ்ரே படத்தில் அதன்மேல் வெள்ளையாகக் கல் படிவது தெரிந்தது. போதாக்குறைக்கு, அந்திதோறும் கட்டிலருகே தரை உப்புத் தண்ணீரில் நனைவதாகத் துடைப்பவள் முறையிட்டாள்.

அது செஃபெரீனுவின் வேலை என்று ஊருக்கே தெரியும். அபீலியுவின் மகன். "நாளைக்குப் பார்ப்போம்மா" என்று படகேறியவன் கடலோடு போனான். சொன்ன சொல் தவறாமல் மறுநாள் அந்தியில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து தினமும் வந்தான். இதாலினா கீரை சூப்பை முன்னால் வைப்பாள், தொடமாட்டான். பாதிரியார்கூட வாசலில் ஒரு கால்மிதி போடச் சொன்னதோடு சரி. இப்போது அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதால் இங்கே வந்தான்.

"இந்த அறையில அந்த வார்த்தையைச் சொல்ல எங்க யாருக்கும் துணிவில்ல. நீங்கதான் சொல்லணும், இதாலினாம்மா" என்றாள் பெனதீத்தா.

இதாலினா வாய்க்கட்டை இறக்கினாள். "சொன்னா குழாய் மட்டும்தான் போகுமா டாக்டரம்மா? பக்கத்துல நிக்கிறவன் காதுல விழாதா?"

"அவருக்கு இருக்கிறது ஒரு சிறுநீரகம்."

"எனக்கு இருக்கிறதும் ஒரு பிள்ளை."

"அவளை விடுங்க" என்றார் அபீலியு. "இந்தக் குழாயும் நண்டு மாதிரி. பொந்து கிடைச்சா கிளம்பாது."

"நீ சும்மா கிட மனுஷா! தண்ணி குடின்னா ஒயினைக் குடிச்சே. இப்ப எவ தலையில வந்து விடியுது பார்!"

இரண்டு நாளில் அவருக்குச் சிறுநீர் நின்றது. காய்ச்சல் ஏறிப் பிதற்ற ஆரம்பித்தார். அந்தி நேரம் செஃபெரீனு வந்து நின்றான். தாயைப் பார்க்கவில்லை, அப்பாவின் போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. இதாலினா துணியை அவிழ்த்தாள். கணவரின் விலாவைக் குறிவைத்துத்தான் "அதேயுஷ்" என்றாள். திரும்பிப் பார்த்தது மகன்.

விடியும்போது குழாய் கஞ்சித் தண்ணீர்போல வெளியேறிவிட்டது. சிறுநீரகம் பிழைத்தது. தரை காய்ந்து கிடந்தது. பிறகு வந்த நோயாளிகளுக்கெல்லாம், பாதை ஆறியதும் ஒரு நர்ஸ் வந்து வயிற்றருகே குனிந்து அதேயுஷ் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. உறவினர்கள் அந்த நேரம் வெளியே நின்றார்கள்.

இதாலினா மேசையிலிருந்து மூன்றாவது கிண்ணத்தை எடுத்துவிட்டாள். கணவரிடம் பேசுவதையும் விட்டாள். மறுபரிசோதனைக்கு வந்தபோதும் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தாள். பெனதீத்தாவுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"எல்லாரும் வாயைக் கட்டிக்கிட்டுதானே இருந்தோம். அப்புறம் யார் 'நாளைக்கு'ன்னு சொல்லி அந்தக் குழாய் காத்திருந்தது?"

அபீலியு அவள் பக்கம் திரும்பாமல் மனைவியின் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"அவன் உன் சூப்புக்காகவா வந்தான் இதாலினா? தினமும் 'எழுந்திருப்பா, படகு நிக்குது'ன்னு என்னைத்தான் கூப்பிட்டான். நான்தான் 'நாளைக்குப் பார்ப்போம் மகனே'ன்னு சொல்லிச் சொல்லி அனுப்பிக்கிட்டிருந்தேன்."