பனித்தளத்தில் ஒரு கற்பூரக் குழி

௧

பின்பனி பலேர்மோ நகரின்மீது மலையிலிருந்து இறங்குவதில்லை. கடலிலிருந்து எழுந்து, துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை நனைத்து, சந்துகளுக்குள் மெல்ல நடந்து வருகிறது. விடியலில் கற்சுவர்கள் வியர்க்கின்றன. மேல்மாடங்களில் விரித்த துணி மூன்று நாளாகியும் உலர்வதில்லை. சியாகுல்லித் தோட்டங்களில் ஏனைய மரங்கள் கொடுத்து ஓய்ந்த பின்பும் பின்பருவ மந்தாரின் தோடம்பழங்கள் மட்டும் இலையிருளுக்குள் தொங்குகின்றன. அவற்றைப் பறிக்கப் போகும் நம்மவரின் விரல்கள் காலையில் மடங்க மறுக்கின்றன. கோயில் மணியும் தேவாலய மணியும் ஈரமேறி ஒரே குரலில் ஒலிக்கின்றன. பழம்புலவர் இப்பருவத்தைப் பிரிவுக்கு உரியதென வகுத்தனர். சென்றவர் திரும்பாத காலம். இருப்பவர் உரையாடாத காலம். அதன் முன் தலை வணங்குவதன்றி மனிதன் செய்யத் தக்கது வேறில்லை என்றே நானும் எண்ணியிருந்தேன், நகரோரத்துப் பிரான்காச்சோவில் ஒரு கொட்டகைக்குள் பத்து முதிர்ந்த ஆண்கள் இப்பருவத்தை அடைத்துவைத்து அதன்மேல் சறுக்கி விளையாடுவதைக் காணும் வரையில்.

இக்கதையின் பிறப்பை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது ஓர் உள்ளங்கை அளவுள்ள குழியிலிருந்து பிறந்தது. ஆழம் ஒரு விரற்கடை. கோல்வலைக்கு இரண்டடி முன்னால். விளிம்பில் கரி.

[அந்தத் தளத்தைத் தேடிப் பேருந்து ஏறவேண்டாம். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.]

௨

முதல் தொடக்கத்தை இவ்வாறு எழுதினேன்:

"மகேந்திரராசா தன் நாற்பத்தேழாம் வயதில் முதன்முறை பனியில் கால் வைத்தபோது, அவனுள் உறங்கிக்கிடந்த ஒரு குழந்தை"

அதற்குமேல் எழுதவில்லை. எழுதியவரைக்குமே வெட்கப்படுகிறேன். நடுவயது ஆண் எவன் எந்த மடமையைச் செய்தாலும் அவனுள் ஒரு குழந்தையைக் கண்டெடுத்துவிடுவது இக்காலக் கதைஞர் வழக்கம். நான் கண்ட மகேந்திரராசாவுக்குள் இருந்தது முழங்கால் நோவு.

இரண்டாம் தொடக்கம்:

"அன்று கோலுக்கு முன்னால் மகேந்திரராசா கற்பூரம் ஏற்றினான்."

இது குறுகியது; உறுதியானது. இதையே வைத்துக்கொள்வோம்.

௩

பனி ஹொக்கி என்ற அந்த விளையாட்டை அறியாதவர்க்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறைந்த நீரின்மேல், காலில் கத்தி கட்டிய மனிதர், வளைந்த மட்டைகளால் ஒரு கறுத்த றப்பர் வட்டை எதிரணியின் வலைக்குள் தள்ள முயல்கின்றனர். குளிர்நாடுகளில் இதைப் பிழைப்பாகவே செய்வோர் உண்டாம். நம்மவரோ, வெயில் குறைந்தால் செய்தியாகும் ஒரு தீவில், ஞாயிறு காலையில் இரண்டு மணிநேரம் இதனைத் தாமாக விரும்பிச் செய்கின்றனர். அவர்களுள் இளையவனுக்கு முப்பத்தெட்டு வயது. அவர்கள் சறுக்குவதாகச் சொல்வது மிகை. விழுவதற்கும் எழுவதற்கும் இடையே கிடைக்கும் அவகாசத்தில் சற்று முன்னோக்கி நகர்கிறார்கள்.

அணியில் பாதிப் பேர் மன்னார்க் கத்தோலிக்கர். பாதிப் பேர் யாழ்ப்பாணத்துச் சைவர். தலைவன் ஏர்னஸ்ற், ஓர் உணவகத்துச் சமையற்காரன். தன் தேவாலயப் பங்கில் பாடகர் குழுவை நடத்துபவன். சென்ற ஆண்டு ஒரு சாரார் வலையில் செபமாலையைத் தொங்கவிட, மறு சாரார் அதனருகே எலுமிச்சங்காய் கட்ட, வென்றுதந்தது மாதாவா முருகனா என்ற வழக்கு மட்டையடியில் முடிந்தது. அன்று ஏர்னஸ்ற் ஒரு விதி செய்தான். "சாமி எல்லாம் வாசலுக்கு வெளியாலை. மீறினவன் இந்தப் பருவம் முடியுமட்டும் பனியிலை இறங்கக்கூடாது." எல்லோரும் கைதொட்டு ஏற்றனர். சமய நல்லிணக்கத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

மகேந்திரராசா கோல் காப்பவன். நெஞ்சிலும் காலிலும் தடித்த பஞ்சுப் பலகைகள் கட்டி நிற்கையில், புறப்பட மறந்த தேர் போலிருப்பான். வாரத்தின் ஆறு நாள் தொண்ணூறு வயது இத்தாலியச் சிஞ்ஞோரா ஒருத்தியின் வீட்டில் வேலை. தூக்கச் சொன்னால் தூக்குவான். துடைக்கச் சொன்னால் துடைப்பான். "ஸி, சிஞ்ஞோரா" (சரி, அம்மா) என்பதற்கு மாறான சொல் அவ்வீட்டில் அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. ஏழாம் நாள் மட்டும் ஒரு வாசலில் நிமிர்ந்து நின்று, வருவதையெல்லாம் மறித்து, வேண்டாம் என்கிறான்.

[மேற்கண்ட வரியை இரண்டு முறை வெட்டினேன். அவனை ஏளனம் செய்யவே உட்கார்ந்தேன். அவ்வரி ஒத்துழைக்க மறுக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.]

௪

எதிரணி உள்ளூர்ப் பல்வைத்தியர் கூட்டம். அரையிறுதி ஆட்டம். மூன்றுக்கு மூன்று. முடிய ஒரு நிமிடம் இருக்கையில், மூச்சு வாங்கிய வைத்தியர் ஒருவர், வேறு செய்ய வலுவின்றித் தொலைவிலிருந்து வட்டை மெல்லத் தட்டிவிட்டார். உறங்குபவனும் தடுக்கக்கூடிய வட்டு அது. ஆடி அசைந்து வந்து, அக்குழியின் விளிம்பில் முட்டி, தவளைபோல் துள்ளி, மகேந்திரராசாவின் காலைத் தாண்டி வலைக்குள் விழுந்தது.

ஏர்னஸ்ற் முழந்தாளிட்டுக் குழியைத் தடவினான். விரலை மூக்கருகே கொண்டுபோனான்.

உடைமாற்றும் அறையில் நானும் இருந்தேன். ஞாயிறு மாலையில் நம் கோயிலில் பதிகம் பாடுபவனும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவனும் நான் என்பதால் எல்லோருக்கும் நான் மாஸ்ரர். எந்த அறையிலும் எனக்கொரு கதிரை கிடைக்கும்.

"ஆர் கற்பூரம் கொழுத்தினது?" என்றான் ஏர்னஸ்ற்.

சப்பாத்துக் கயிறுகளுக்கு அத்தனை கவனம் அதற்குமுன் கிடைத்ததில்லை.

"நாங்கள் கொழுத்திறது மெழுகுதிரி," என்றான் மன்னார் றஞ்சித். "கற்பூரம் எங்கடை ஆக்கள் இல்லை. அவ்வளவுதான் சொல்லுவன்."

"அவ்வளவே காணும் றஞ்சித்," என்றான் மகேந்திரராசா. "மல்லுக்கட்டாதை. நான்தான்."

"நீயோ?" ஏர்னஸ்ற் அவன் பக்கம் திரும்பினான். "உனக்கென்ன விசரே மகேந்திரம்? உன்ரை கோலுக்கு முன்னாலை நீயே கிடங்கு கிண்டுவியோ?"

"நான்தான் எண்டு சொல்லுறன்தானே."

"எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா நீ வாயாலை சொல்லிப்போட்டாய், பேச்சு பேச்சுத்தான். மூண்டாம் இடத்துக்கு வாற ஞாயிறு ஒரு விளையாட்டு இருக்கு. அதிலையிருந்து றஞ்சித் கோலுக்கை நிக்கட்டும்."

"நானோ?" றஞ்சித் பதறி எழுந்தான். "பந்து கிட்ட வந்தாலே எனக்குக் கண் மூடுப்பட்டுப்போம்."

"அது பந்து இல்லை. வட்டு."

"பாத்தியே, அதுகூடத் தெரியாது எனக்கு."

மகேந்திரராசா காற்பலகைகளின் வாரை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, றஞ்சித்தின் பக்கம் நகர்த்திவைத்தான். சிஞ்ஞோராவின் வெள்ளிக் கரண்டிகளையும் அவன் அவ்வாறே அடுக்குவான் போலும்.

௫

இரண்டாம் தொடக்கத்துக்குத் திரும்புகிறேன். அதில் கற்பூரம் உண்மை, கோல் உண்மை, பெயர் பொய்.

ஏற்றியவன் நான்.

நடந்தது இது. மகேந்திரராசாவின் மனைவி நாகபூசணி, "மனுசன் பயந்துபோய் இருக்கிறார் மாஸ்ரர், ஒருக்காப் போய்த் திருநீறு பூசிவிடுங்கோ, வெளியிலை வைச்சு" என்று கேட்டாள். போனேன். அவர்கள் உடைமாற்றிக்கொண்டிருந்தனர். தளம் வெறுமையாய், வெண்மையாய்க் கிடந்தது. விதியை நான் அறிவேன். அது அறியாதவர்க்கு என்று எண்ணினேன்.*

கற்றவனின் செருக்கு விரைவாக வேலை செய்யும். குறிஞ்சிக்கு ஒரு தெய்வம் உண்டு, முல்லைக்கு உண்டு, மருதத்துக்கும் நெய்தலுக்கும் பாலைக்கும் உண்டு. உறைந்த நீருக்கு நம் முன்னோர் திணை வகுக்கவில்லை, தெய்வம் சொல்லவில்லை. அக்குறையைத் தீர்க்கும் தகுதி அந்தக் கணத்தில் உலகில் எனக்கு மட்டுமே இருப்பதாகத் தோன்றிற்று. கோயில் வாசற்கல்லில் ஏற்றும் பழக்கத்திலேயே, தட்டு வைக்காமல், சட்டைப் பையிலிருந்த கட்டியைப் பனிமேல் வைத்துக் கொளுத்தினேன். தன் சூட்டில் உருகிய நீரிலே தானே மிதந்து எரிந்தது. நீரின்மேல் நெருப்பு. அற்புதம் என்று மெய்சிலிர்த்து, அணையும்வரைகூட நிற்காமல், பார்வையாளர் வாங்குப் பலகையில் போய் அமர்ந்தேன். பனியைச் சுட்டால் குழி விழும் என்பதை அறியப் பதிகம் எதுவும் வேண்டியதில்லை. நிலம் துடைக்கும் எவனும் அறிவான்.

முதலில் தளத்தில் இறங்கியவன் மகேந்திரராசா. கரிவட்டத்தைக் கண்டான், என்னைக் கண்டான், காற்கத்தியால் பனித்தூளை வாரி அதை மூடினான்.

திரும்பும் பேருந்தில் அவனருகே இருந்தேன்.

"தம்பி, ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"விடுங்கோ மாஸ்ரர். வாறதை மறிக்கிறதுதானே என்ரை வேலை."

"இனி ஞாயிற்றுக்கிழமையிலை?"

"சிஞ்ஞோரா வீட்டிலை துடைக்க நிலம் இருக்குத்தானே," என்று சிரித்தான். அவன் இறங்கவேண்டிய தரிப்பிடம் கடந்துபோனதை இருவரும் கவனிக்கவில்லை.

\* அடிக்குறிப்பு: கதையைப் பற்றியே கதை எழுதுவது, உலை வைக்காமல் அடுப்பை வருணிப்பது போன்றது என்று பலமுறை பேசியிருக்கிறேன். நேராகச் சொல்ல அஞ்சுபவனுக்கு இவ்வடிவம் எத்தனை வசதியானது என்பது இப்போது விளங்குகிறது.

௬

செவ்வாய்க்கிழமை பல்லரோச் சந்தையில் நாகபூசணியைக் கண்டேன். மீன்கடை முன் நின்றாள்.

"நல்ல வேளை கண்டன் மாஸ்ரர். இவர் ஞாயிறு வந்து கதிரையிலை இருந்தவர், வேலைக்குப் போற நேரம் தவிர இன்னும் எழும்பேல்லை."

"அந்த விளையாட்டை ஏசினது நீர்தானே. இப்ப சந்தோசம்தானே?"

"ஏசினன்தான். கிழமை முழுக்கச் சிஞ்ஞோரா வழுக்கிப்போடுவா எண்டு நிலம் துடைக்கிற மனுசன், ஞாயிற்றுக்கிழமை வழுக்கிறதுக்கெண்டே போறார் எண்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சன். ஆனா விளையாடிப்போட்டு வாற மனுசன் வேறை மாஸ்ரர். கதவைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து வருவார், சோத்தைப் போடு எண்டுவார். இந்த முறை பூனை மாதிரி வந்தார்."

நான் மீன்களைப் பார்த்தேன்.

"இன்னுமொண்டு. வீட்டிலை விளக்குக் கொழுத்திறது நான். இவருக்கு நெருப்புப்பெட்டி வைச்சிருக்கிற பழக்கமே இல்லை. சும்மாதான் கேக்கிறன், அண்டைக்கு அங்கை ஆரிட்டை நெருப்புப்பெட்டி இருந்தது?"

என் கை சட்டைப் பைக்குப் போயிற்று. போனதை அவள் கண்டாள்.

"மீன் பழுதாப்போகும்," என்றாள். "வாறன் மாஸ்ரர்."

௭

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அணி முழுதும் கூடியிருக்க நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். அனைவரும் கண் கலங்குகின்றனர். ஏர்னஸ்ற் என்னைத் தழுவ, மகேந்திரராசா தன் பலகைகளைத் திரும்பப் பெறுகிறான். இதில் நான் அழகாக இருக்கிறேன். ஆகவே தகாது.

இரண்டாவது: நான் சொல்லவில்லை. மாலையில் வழமைபோல் பாடுகிறேன். தூணருகே மகேந்திரராசா கைகூப்பி நிற்கிறான். உலகில் பெரும்பாலும் நடப்பது இதுவே, எழுதவும் எளிது. எழுதி முடித்ததும் அத்தாளைக் கிழித்தேன், ஏனெனில் அதில் என் குரல்…

மூன்றாவது: வேனில் வருகிறது, உறையவைக்கும் இயந்திரம் நிறுத்தப்படுகிறது, பனியோடு குழியும் உருகிப்போகிறது. நயமான முடிவு. கோழைகளுக்கு இயற்கை எப்போதும் இவ்வாறு கைகொடுக்கும்.

௮

இன்று ஞாயிறு. முதற் பேருந்தில் பிரான்காச்சோ போனேன். காவலர் வாசலில் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். தலையசைத்து உள்ளே விட்டார். கையில் நீர்ச்செம்பும், சட்டைப் பையில் நெருப்புப்பெட்டியும் கொண்டுபோயிருந்தேன்.

கிழமை நாளில் அத்தளத்தை எவரும் செப்பனிடுவதில்லை; குழி அப்படியே இருந்தது. விளையாட்டுக்காரர் குழியை எவ்வாறு மூடுவர் என்பதை முன்பொருநாள் மகேந்திரராசா செய்யக் கண்டிருக்கிறேன். ஓரத்தில் சுரண்டிய பனித்தூளை அள்ளிக் குழியில் இட்டு, அமுக்கி, மேலே நீர் வார்க்கவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும். முதலில் கரியைக் கைக்குட்டையால் துடைத்தெடுத்தேன். முழந்தாளிட்டேன். குளிர் வேட்டியினூடாக எலும்பைத் தொட்டது. இத்தனை ஆண்டுகளில் எந்தக் கருங்கல்லும் என்னை இவ்வளவு தெளிவாக மண்டியிடச் செய்ததில்லை.

தூளை இட்டு அமுக்கி நீர் வார்த்தேன். அது உறைய ஒரு பதிகம் பாடும் நேரம் எடுக்கும் என்று கணித்தேன். எட்டாம் பாட்டில் கதவு திறந்தது. ஏர்னஸ்ற், தோளில் சப்பாத்துகளோடு.

"மாஸ்ரர்? இந்தக் குளிருக்கை என்ன செய்யிறியள்?"

நெருப்புப்பெட்டியை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவே பனியில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "இது ஆரின்ரை?"

நான் கூறிய மறுமொழியை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் நம்ப நியாயமில்லை. இரண்டாம் தொடக்கத்தில் உங்கள் கண் முன்னே ஒரு பெயரை மாற்றியவன் நான். கடைசி வரியில் மட்டும் எனக்குச் சான்று சொல்பவர் யார்? ஆகவே இடத்தை விட்டுவைக்கிறேன்.

[                                        ]

பத்து மணிப் பேருந்து கொட்டகைக்கு எதிரே நிற்கும். அதிலிருந்து மகேந்திரராசா சப்பாத்துப் பையுடன் இறங்குகிறானா, றஞ்சித் கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசலில் நிற்கிறானா என்பதை, மேலே நீங்கள் எழுதுவது தீர்மானிக்கும். உங்களுக்கு என்னைவிடத் துணிவு இருக்கும் என்று நம்புகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லலாம். ஏர்னஸ்ற் உடைமாற்றப் போனபின் எஞ்சிய பாட்டுகளை உதடசையாமல் பாடி முடித்தேன். உள்ளங்கையால் பனியைத் தடவினேன், குழி தட்டுப்படவில்லை. செம்பில் ஒரு மிடறு நீர் மீதியிருந்தது. தீபமில்லை, திருநீறில்லை. கோலின் வலக்கம்பத்தடியில் பாதியும் இடக்கம்பத்தடியில் பாதியுமாக அதை வார்த்துவிட்டு, அது உறையும் வரையில் கைகூப்பி நின்றேன்.

வாசலில் நிற்பவர் முழங்கால் வலுப்பெறுக. மறிப்பவர் கை சோராதிருக்க. வாரம் முழுதும் குனிந்தோர் ஒரு காலையேனும் நிமிர்க. விழுவோர் அனைவரும் எழுக.