லிஃப்ட் பூதத்துக்கு ஒரு காலி நாற்காலி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு லிஃப்டில். என் அப்பா லிஃப்ட் இயக்குபவர். ஆறாவது மாடியில் உழைப்பாளர் மாண்பு பற்றி ஒரு கூட்டம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வந்த அத்தனை பேரையும் "எந்த மாடி?" என்று கேட்டு ஏற்றிவிட்டவர் அப்பா. நாள் முழுக்க அவர் பேசுவது அந்த இரண்டு சொல்தான். அவரையும் உள்ளே கூப்பிடலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அப்படியே எழுதினால் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் அப்பாவைப் பூதமாக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: முன்னொரு காலத்தில் பூதங்கள்... (வேண்டாம். முன்னொரு காலம் என்றதும் உங்களுக்கு நிம்மதி வந்துவிடும்.)

இரண்டாவது: பூதத்தின் கண்களில் ஓர் ஆழ்ந்த சோக (தூ.)

மூன்றாவது. இதுவே இருக்கட்டும்:

அந்த நகரத்து லிஃப்டுகளுக்கு மின்சாரம் கிடையாது. கட்டடத்துக்கு அடியில் ஒரு பூதம் நின்று கயிறு இழுக்கும். "எந்த மாடி?" என்று மட்டும் கேட்கும்.* அப்படியொரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் 'மனிதரல்லாதோர் உரிமைக் கழகம்'. யாருக்காகப் பேசுகிறார்களோ அவருக்கென்று கூட்டத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விடுவது கழகத்தின் வழக்கம். இன்று அது லிஃப்ட் பூதத்துக்கு. கட்டடத்துக்காரர் இயந்திரம் வாங்கிவிட்டார். நாளைக்குப் பூதத்தைக் கல்குவாரிக்கு அனுப்புகிறார். பூதமே தன் வாயால் 'போகமாட்டேன்' என்று சொன்னால் அனுப்பமுடியாது. வேறு யார் சொன்னாலும் செல்லாது. அந்த ஊர்ச் சட்டம் அப்படி.

"இன்னும் வரலையே," என்றார் செயலாளர் அம்மா.

"ஆள் மேல ஆள் விட்டாச்சு." பொருளாளர் தன் பையைக் காலி நாற்காலியில் வைத்தார். "அதுக்கே அக்கறை இல்லன்னா நாம என்ன பண்றது?"

"எப்படி சார் வரும்?" என்றாள் தட்டச்சுக்காரி. "கூப்பிடப் போன ஆளை மேல இழுத்து விடுறதுக்கே அதுக்கு நேரம் சரியா இருக்கு."

"சரி, நாமளே கீழ போய்க் கேட்டுடுவோம்," என்றார் செயலாளர்.

"படியிலயா? என் முட்டி தாங்காதும்மா. லிஃப்டுலயே போவோம்," என்றார் பொருளாளர்.

(* லிஃப்ட் பெட்டிக்குள் பேசுவதெல்லாம் கயிறு வழியாக அதற்குக் கேட்கும். இத்தனை நாள் அதன் விடுதலையைப் பற்றி விவாதித்துக்கொண்டேதான் கழகத்தார் அதில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.)

3

செயலாளரைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவரை வெறும் பகட்டுக்காரியாக எழுதியிருந்தேன். கோபத்தில் எழுதினால் கை கோணிவிடுகிறது. பாலம் தாங்கும் பூதத்துக்காகத் தடியடி வாங்கியவர் அவர். இடது தோளை இன்றும் முழுதாகத் தூக்க முடியாது. ஆக, நல்லவர். [இது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் இந்த வரியை அடிக்கப்போவதில்லை.]

4

இதுவரை எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஏம்மா, என்னைப் பூதமாக்கிட்டியா? கொம்பு உண்டா?"

"இல்லப்பா."

"ரெண்டு வச்சுடு. உங்கம்மா கொஞ்சமாவது பயப்படட்டும்."

"ஆமா, இத்தனை வருஷமா வேற யாரோட குடும்பம் நடத்துறேனாம்?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"அப்பா, நீங்களா இருந்தா அவங்ககிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?"

சீருடையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"நானா இருந்தா கயித்தை விட்டிருப்பேன்."

சிறிது நேரம் கழித்துத்தான் சிரித்தார்.

பூதத்துக்காக நான் ஒரு முழுப்பக்க உரை எழுதி வைத்திருந்தேன். மானம், உழைப்பு, கண்ணீர் எல்லாம் அதில் இருந்தன. கிழித்துப் போட்டேன். அப்பாவுக்குள் இப்படியொரு வாக்கியம் இருந்தது எனக்குத் தெரியாது. இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது?

5

முடிவு: பூதம் கயிற்றை விடுகிறது. (அப்பாவுடையது. எழுதக் கை வரவில்லை. பெட்டிக்குள் தட்டச்சுக்காரியும் இருக்கிறாள்.)

முடிவு: பூதம் 'போகமாட்டேன்' என்கிறது. கைதட்டல். (அப்புறம்? மறுநாளும் அதே கயிறுதானே?)

முடிவு: பூதம் படியேறி வந்து, பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கா

விடுங்கள். எனக்குத் தெரிந்தவரை நடந்தது இவ்வளவுதான்: மூன்று பேரும் லிஃப்டில் இறங்குகிறார்கள். எழுதிக்கொண்டே நானும் ஏறிவிட்டேன். நீங்களும் உள்ளேதான் நிற்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பாதி வழியில் செயலாளர் மண்டியிட்டு, பெட்டியின் அடிப்பலகை இடுக்கில் வாயை வைக்கிறார்.

"உனக்கு... உங்களுக்கு என்ன வேணும்?"

கயிறு நிற்கிறது. பெட்டி அந்தரத்தில் ஆடுகிறது. இப்படி ஒரு கேள்வியை யாரும் அதனிடம் கேட்டதில்லை. ஆகவே அது தனக்குப் பழகிய கேள்வியையே கேட்கிறது.

"எந்த மாடி?"

பொருளாளர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

'ஆறு' என்றால் பத்திரமாக மேலே போய்விடலாம், கூட்டம் நடக்கும். 'கீழே' என்றால், நாம் இறங்கிய பிறகு அது கயிற்றை விட்டுவிட்டுப் பேசக்கூடும். பேசாமல் போய்விடவும் கூடும். 'கீழே' என்று சொல்ல வாயெடுத்தால் அதற்குள்ளேயே கயிற்றை விட்டுவிடாது என்று நான் உறுதி தரமுடியாது. அதன் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்கு உண்மையாகவே தெரியாது.

கேட்கிறது பாருங்கள், மறுபடியும். உங்களைத்தான்.