ஆளில்லாத சீட்டுக்கு ஒரு பெல்ட்

பம்பரம் என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தது அவன் அக்காதான். நேரான சாலையில்கூட வண்டியைச் சுற்றவிட்டுப் பார்க்கிற பயலுக்கு வேறென்ன பெயர் வைப்பது? பின்சக்கரங்களை வழுக்கவிட்டு, டயர் புகைய, காரைப் பக்கவாட்டில் ஓட்டுவதற்கு ட்ரிஃப்ட் என்று பெயராம். நேராகப் போகத் தெரியாததற்கு ஒரு பெயர், அதற்கு ஒரு போட்டி, அதைக் கைதட்டிப் பார்க்க ஒரு கூட்டம். இந்தக் கூத்துக்குப் பம்பரம் தேர்ந்தெடுத்தது அப்பா ஓட்டிய பழைய காரை. அதன் இஞ்சினோ மேடு ஏறினாலே மூச்சு வாங்கும் ஜாதி. "பெரிய இஞ்சினா ஒண்ணு தூக்கி உள்ள வெச்சிடுக்கா" என்றான், ஏதோ பல்பு மாற்றச் சொல்கிறவன் மாதிரி.

அக்கா மெக்கானிக். வீட்டின் முன்பக்கமே பட்டறை. வாய்க்கு வந்தபடி திட்டினாள், சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு வழக்கம்போல இளகினாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது இந்த இரண்டு ஜீவன்கள்தான். ஒருத்தர் இல்லையென்றால் இன்னொருத்தருக்கு நாதி கிடையாது.

"செஞ்சு தர்றேன். ஆனா முதல் ஓட்டத்துல நானும் பக்கத்துல இருப்பேன்."

"அதான் தெரியுமே. வாளியைக் கழுவி வெக்கறேன்."

அது அவள் பட்டறையின் சட்டம். கட்டினவள் முதல் ஓட்டத்தில் கூடவே போக வேண்டும். எடை குறைக்க இந்த வண்டிகளில் பக்கத்து சீட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதனால் அவள் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதை டேஷ்போர்டு பக்கம் சாய்த்து உட்காருவாள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவள் காதுக்குத் தெரியும். எத்தனையோ வண்டிகளில் அப்படிப் போய், முழு உடம்போடு திரும்பியவள். பெல்ட்டா? வாளிக்கு எவன் பெல்ட் வைப்பான்!

ஒரு பக்கம் நசுங்கிய காரிலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டர் இஞ்சின் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. சின்ன வீட்டுக்குள் பெரிய பீரோவை நுழைக்கிற வேலை அது. இஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருந்த தகட்டை வெட்டி உள்ளே தள்ளினாள். தாங்கிகளை அறுத்து வேறு இடத்தில் பற்றவைத்தாள். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டைக் குட்டையாக்கினாள். இந்தக் காலத்து இஞ்சின் தனியாக வராது, குடும்பத்தோடுதான் குடிவரும். கம்ப்யூட்டர், வயர்கள், மீட்டர், மிதி, சாவி எல்லாமே அந்த நசுங்கிய காருடையவை. ஒன்று குறைந்தாலும் இஞ்சின் உயிர் பிடிக்காது. ஆக, வெளியே அப்பாவின் கார், உள்ளே யாரோ ஒருவரின் கார்.

இஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. பம்பரம் குதியாட்டம் போட்டு, வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டிங். டிங். டிங். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம்!

"சீட்டே இல்லாத இடத்துல பெல்ட் போடலைன்னு கத்துதே, இதுக்கு மூளை குழம்பிடுச்சா?" என்று சிரித்தான் பம்பரம்.

வயரிங் வேலைக்கு அவர்கள் கூப்பிடுவது ஃப்யூஸ் மாமாவை. அவர் வந்து, தொங்கிக்கொண்டிருந்த இரண்டு வயர்களைக் காட்டினார். "சீட்டுல ஆள் இருக்கான்னு பாக்கற வயர்மா. அந்தரத்துல தொங்கறதால குழம்புது. வெட்டிட்டா வாயை மூடிக்கும்." வெட்டினார். மூடவில்லை. மீட்டரைப் பிரித்து, மணியைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். அதன் பிறகும் டிங், டிங் என்றது. மேஜைமேல் இருந்த மணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது சும்மா இருந்தது. சத்தம் வண்டிக்குள்ளிருந்துதான் வந்தது.

இன்னொன்றையும் அக்கா கவனித்தாள். ஃப்யூஸ் மாமா ஓட்டினால் சத்தம் இல்லை. அவளே ஓட்டினாலும் இல்லை. பம்பரம் உட்கார்ந்து வண்டி நகர்ந்தால் மட்டும் டிங், டிங். கேட்கக் கேட்க அவளுக்கு அது யாரோ கெஞ்சிக் கெஞ்சி அலுக்காமல் சொல்வதுபோல இருந்தது.

மறுநாள் காலையில் இரும்புக் கடைக்குப் போய், அந்தக் கார் இன்னும் கிடக்கிறதா என்று கேட்டாள்.

"கிடக்கு. ஆனா இப்பப் போகாதீங்கம்மா. உள்ள ஆள் இருக்கார்" என்றார் கடைக்காரர்.

அவள் போனாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நசுங்கிய கார்களின் நடுவே, இஞ்சின் இல்லாமல் வாய் பிளந்து நின்ற அந்தக் காரில், ஓட்டுநர் சீட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. வேலைக்குப் போகிற வழியில் வந்தவர் மாதிரி இருந்தார். ஸ்டியரிங் இருந்த இடத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, நசுங்கிய பக்கத்தைப் பார்த்துக் கரகரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, பெல்ட் போடு. போடு பாப்பா. சொன்னாக் கேளு."

அக்கா அங்கேயே நின்றாள். அவர் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அண்ணன் தங்கச்சிம்மா" என்றார் கடைக்காரர், அவளை இந்தப் பக்கம் அழைத்து வந்து. "ஏதோ சத்தம் கேக்குதுன்னு அந்தப் பொண்ணு குனிஞ்சு காது கொடுத்திருக்கு. பெல்ட் போடலை. வண்டி அந்தப் பொண்ணு பக்கமா போய் மோதிடுச்சு. பொண்ணு அங்கேயே போயிடுச்சு. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்னிலேருந்து இப்படித்தான். வருவார், சொல்லுவார், வேலைக்குப் போயிடுவார்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. இத்தனை நாள் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் பயந்தாள். இப்போது புரிந்துவிட்டது. கண்டம் தம்பிக்கு இல்லை, பக்கத்தில் வாளியில் உட்காரப்போகிற அவளுக்கு. அதைவிடக் கொடுமை அதற்கப்புறம். இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு அவள் தம்பியும் ஏதோ ஒரு நசுங்கிய காரில் போய் உட்காருவான். செத்தாலும் பரவாயில்லை, அவனை அப்படி விட்டுவிட்டுச் சாகக்கூடாது என்று நினைத்தாள்.

இஞ்சினைப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் வேறு பட்டறைக்குப் போய் எவனிடமாவது மாட்டிக்கொண்டு வருவான். கூடப் போகாமல் இருக்கலாமா? அவள் கட்டிய வண்டியில், அவள் காது கேட்காத சத்தத்தோடு, அவன் தனியாகப் போவதா? சீச்சீ!

தம்பியிடம் அவள் எதையும் சொல்லவில்லை. கழற்றிப்போட்ட பக்கத்து சீட்டைத் தூக்கி வந்து திரும்ப மாட்டினாள். புது பெல்ட் ஒன்று வாங்கி, தகட்டுக்குப் பின்னால் பட்டை கொடுத்து, நான்கு தடவை முறுக்கிப் பார்த்து இறுக்கினாள்.

"எடை ஏறுதேக்கா!" என்று பம்பரம் அலறினான்.

"உன் வாயைக் குறைச்சா எடை சரியாயிடும். போய் உட்காரு."

ஆளில்லாத சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, ஓட்டச் சொன்னாள். ஓட்டினான். விளக்கு எரியவில்லை. சத்தமும் இல்லை. ஃப்யூஸ் மாமா குனிந்து சீட்டுக்கு அடியில் தேடினார். "இந்த பெல்ட்டுக்கும் மீட்டருக்கும் ஒரு வயர்கூட இல்லையேம்மா" என்றார் மெல்ல. பிறகு தன் சாமான்களைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

முதல் ஓட்டம் ஒரு காலை நேரத்தில், ஊருக்கு வெளியே பயிற்சிக்கென்று விட்டிருந்த தார்த் திடலில். அக்கா சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தான் கட்டிய வண்டியில் பெல்ட். பம்பரம் கேலியாக ஏதோ சொல்லிக்கொண்டே கிளப்பினான். அடேயப்பா, என்ன இழுவை! பின்பக்கம் வெண்ணெயில் வழுக்குவது போல வழுக்கி, புகை கிளப்பி, வளைவு வளைவாகச் சுற்றியது. பயத்தை மறந்து அவளும் சிரித்துவிட்டாள்.

அப்போது டேஷ்போர்டின் அடியில் டக், டக் என்று ஒரு சத்தம். கேட்டதும் பழக்கதோஷத்தில் அவள் சட்டென்று முன்னால் குனிந்தாள். பெல்ட் அவளைப் பின்னால் இழுத்தது. பிரேக் போட்டால் பெல்ட் பிடிக்கும், அது அவளுக்குத் தெரியாதா? அவன் பிரேக்கே போடவில்லை. வண்டி எதிலும் மோதவும் இல்லை. குழந்தையைச் சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி அது அவளைச் சீட்டோடு இழுத்துச் சாய்த்தது. அதற்கப்புறம்தான் ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. கார் பக்கவாட்டிலேயே போய், அடுக்கியிருந்த டயர்களின் மேல் அவள் பக்கமாக மோதியது.

பெரிய இஞ்சினின் புகைக்குழாய் ஸ்டியரிங் தண்டின் மூட்டை ஒட்டிப் போனதில், சூட்டில் மூட்டு இறுகிப்போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அவளே விட்ட கோட்டை.

இஞ்சின் நின்றுவிட்டது. கண்ணாடித் துண்டுகள் மடியெல்லாம் சிதறிக் கிடந்தன. கதவு உள்ளே அமுங்கி அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. டேஷ்போர்டின் ஒரு முனை முன்னால் பிதுங்கி, அவள் குனிந்திருந்தால் தலை இருந்திருக்கும் இடத்தில் நின்றது. தோளில் எரிச்சல். கை கால் அசைந்தன. உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்ததும், "டேய், உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று திரும்பினாள்.

பம்பரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தான். அவளைத்தான் பார்த்தான், ஆனால் அடையாளம் தெரிந்த பார்வை இல்லை. உதடு அசைந்தது.

"பாப்பா, பெல்ட் போடு" என்றான். கரகரத்த குரல். பிறந்ததிலிருந்து அவளை அக்கா என்றல்லாமல் வேறு விதமாகக் கூப்பிட்டு அறியாதவன். "போடு பாப்பா. சொன்னாக் கேளு."

 அவள் அவனை உலுக்கி, கன்னத்தில் ஒன்று வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று கையை ஓங்கினாள். அந்தக் கண்களில் நீர் கட்டி நின்றதைப் பார்த்ததும் அடிக்க மனம் வரவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து அவன் ஒரு கையை மெல்லப் பிரித்து எடுத்து, தன் தோளின் குறுக்கே இருந்த பட்டைமேல் வைத்து அழுத்தினாள். அவளுக்கு அண்ணன் என்று யாரும் இருந்ததில்லை. அந்தச் சொல் அவள் வாயில் வந்து பழக்கமே இல்லை.

"போட்டிருக்கேண்ணா" என்றாள். "பாரு, போட்டுத்தான் இருக்கேன்."

விரல்கள் அந்தப் பட்டையை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.