கடைசி நான்கு நிமிடங்கள்

கணினியில் டிவிடி எண்பத்தாறு சதவீதம் பதிவாகியிருந்தபோது அவன் மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"மாமாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் வாங்க."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. நனைத்த பஞ்சால் அவர் உதட்டைத் தொட்டான். அடுத்த மூச்சு வரவில்லை. காலை பதினொன்றரை. பக்கத்து அறையில் கணினி வேலையை முடித்து, டிவிடியைத் தானாகவே வெளியே தள்ளியது.

அதிலிருந்தது அக்கா அனுப்பிய வீடியோ. அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று அப்பா அவளுடைய பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தார். அதோடு பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம். அப்பா படுக்கையில் விழுந்ததை அவன் சொன்னதும், போனிலேயே பேசிப் பதிவுசெய்து அனுப்பியிருந்தாள். போன் திரை அப்பாவின் கண்ணுக்குப் பிடிபடாது. கட்டிலுக்கு எதிரே இருந்த பழைய டிவியில் டிவிடி மட்டும்தான் ஓடும். அதனால் அவன் அதை டிவிடியாக மாற்றினான்.

முதல் டிவிடியைச் செவ்வாய்க்கிழமை போட்டபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. போனில் பதிவான ஒலி அந்தப் பழைய ப்ளேயருக்குப் புரியாத வகை. அக்கா சமையலறையைக் காட்டினாள், மகளின் பள்ளிப் பையைக் காட்டினாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா கண்ணை எடுக்கவில்லை.

"என்னடா சொல்றா?"

போனை டிவி பக்கத்தில் வைத்து ஓடவிட்டிருக்கலாம். அவனுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் முந்தின நாளே வீடியோவை ஹெட்போனில் கேட்டிருந்தான். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். எட்டு நிமிடம் வீட்டுக் கதை. பிறகு "நான் வரலப்பா" என்றாள். அந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

"வர்றேங்கறாப்பா."

அப்பா தலையாட்டினார். "இளைச்சுட்டா" என்றார். சாயங்காலம் தனக்குச் சவரம் செய்துவிடச் சொன்னார். புதன்கிழமை முழுக்க வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினார். கேஸ் கொண்டுவந்தவருக்கும் திருப்பினார், தபால்காரருக்கும் திருப்பினார். சத்தத்தோடு இன்னொன்று போட்டுத் தா என்று மகனிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். அவன் ஒலியை ப்ளேயருக்கு ஏற்றபடி மாற்றினான். எட்டாவது நிமிடத்தோடு வெட்டினான். வியாழன் காலை அதுதான் பதிவாகிக்கொண்டிருந்தது.

அக்கா மறுநாள் விடிந்ததும் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கலைந்தபின் அப்பாவின் அறைக்கு வந்தாள்.

"டிவியில போட்டேன்னியே. பாத்தாரா?"

"பாத்தாரு. இளைச்சுட்டான்னாரு."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"வரலன்னு சொல்லிட்டு அப்புறம் ஒண்ணு சொன்னேனே. வந்தா மறுபடி சண்டையாயிடுமோன்னு பயம், அதான் வரல, மத்தபடி என் கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சுப்பான்னு. அதக் கேக்கும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவன் அதைக் கேட்டதே இல்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தம் வரலக்கா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட. என்ன சொல்றான்னு கேட்டாரு. நீ வர்றேன்னு சொல்லிட்டேன்."

அவள் வாசல் இருந்த பக்கம் பார்த்தபடி, "அப்ப காத்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள்.

அப்பாவுக்காக எடுத்திருந்த வாடகைக் கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக ஆள் வந்திருந்தார். கூட வரவேண்டியவன் வரவில்லை, ஒரு கை பிடிங்க என்று அவர் கூடத்திலிருந்து கேட்டார். அக்கா தலைமாட்டைப் பிடித்தாள். அவன் கால்மாட்டைப் பிடித்துப் பின்பக்கமாக நடந்தான். அறைக் கதவின் நிலையில் கட்டில் சிக்கிக்கொண்டது. அக்கா உள்ளே, அவன் வெளியே.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்றார் அந்த ஆள்.

எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் இருவரும் பிடித்தபடி நின்றார்கள்.