முழங்காலை மடக்காத தம்பி

1
அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் அன்றும் பிறகும் இருந்தவர்கள் நால்வரே: என் தம்பி, அவனுடைய சம்பந்தி, பயிற்சி கொடுக்கும் பெண், சுவரோரப் பெஞ்சில் நான். ஐந்தாவதாக யாரோ பார்த்ததாகக் கிளப்பிவிட்ட பேச்சுக்காகத்தான் பேனாவை எடுத்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

(‘வியர்வை வாடை வீசிய அந்த மாலையில்’ என்று முதலில் தொடங்கி, அடித்துவிட்டேன். எங்கள் குடும்பக் கதை வாடையோடு தொடங்க வேண்டியதில்லை.)

2
சம்பந்தி ஓரமாக நின்று கைகால்களை வீசி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன சம்பந்தி, பறக்கப் போறீங்களா?” என்றான் தம்பி.

“பழைய வண்டி. நாலு உதை உதைச்சாத்தான் கிளம்புது.”

“எங்க வீட்டு வண்டி சாவியப் போட்டாலே ஓடும்!”

நேரே எடைக்கம்பியிடம் போனான்.

“சார், முழங்கால மடக்கி, இடுப்ப இறக்கி எடுங்க. முதுகு வளையக் கூடாது” என்றாள் பயிற்சிப் பெண்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் சம்பந்தி நின்றிருந்தார். பெண்ணைக் கொடுத்தவன், மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எதிரே முழங்காலை மடக்கினால், பார்க்கிறவர்கள்...

[இந்த வாக்கியத்தை நான் முடிப்பதாக இல்லை.]

காலை விறைப்பாக வைத்து, முதுகை வளைத்து, ஒரே இழுப்பு. இடுப்பு பிடித்துக்கொண்டது. சரிந்தவனைச் சம்பந்திதான் தாங்கினார்.

3
‘தம்பி வாயைத் திறக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த பயிற்சிப் பெண், “ஐயா, தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே” என்றாள்.

திருத்தம்: கத்தினான்.

4
வலி அடங்கியதும், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழப் பழக வேண்டும்; இல்லாவிட்டால் கனம் எதையும் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். மகளுக்கோ மாதம் நெருங்கியிருந்தது. பேரக்குழந்தையைத் தூக்க ஆசைப்படாத தாத்தா உண்டா?

இங்கிருந்து இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், சம்பந்தி வராத நேரமாகப் பார்த்துத் தம்பி தனியே போய்ப் பழகுகிறான். மரியாதையான முடிவு. ஆனால் படிக்கச் சப்பென்று இருக்கிறது.

மற்றொன்றில், சம்பந்தி எதிரே வந்து நிற்கிறார். “வாங்க, நானும் உக்காருறேன். யாரு முதல்ல எந்திரிக்கிறாங்கன்னு பாப்போம்.”

“தோத்தா அழக் கூடாது, சம்பந்தி.”

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

5
ஆனால் என் தம்பி சம்பந்தி முன்னால் மண்டியிட்டான் என்று உறவுக்குள் ஒரு பேச்சு அடிபடுகிறது. பொய். இருவரும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். ஒருவர் முழங்காலும் தரையைத் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.