காரணம் சொல்லக் கூடாது

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர்கூட அவனுக்காக வரவில்லை. எல்லோரும் கடவுளுக்காக வந்திருந்தார்கள். அவர் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை ஒவ்வொரு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

"நல்லவங்களைத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார் தம்பி" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. தன்னைப் பற்றி என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொன்னார்.

"தாங்குறவனுக்குத்தான் பாரத்தைக் கொடுப்பார்" என்றாள் சித்தி. அப்படியானால் தாங்காத உடம்பாகப் பார்த்துப் பிறந்திருக்கலாம் என்று அவன் நினைத்துக்கொண்டான். சொல்லவில்லை. மனைவி செத்ததிலிருந்து அவன் அதிகம் பேசுவதில்லை.

இவர்களுக்கெல்லாம் தலைவர் பெரிய மாமா. மாமியாரின் அண்ணன். குளியலறை ஓடு விற்றுச் சம்பாதித்து ஓய்ந்தவர். இப்போது ஞாயிறுதோறும் உறவினர் வீடு ஒன்றில் பிரார்த்தனைக் கூட்டம் நடத்துகிறார். 'கடவுளோட வக்கீல்' என்று அவருக்குப் பெயர் வைத்தது அவன் மனைவிதான். "கட்சிக்காரர் ஒரு நாளும் கோர்ட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார். வக்கீலுக்கு மட்டும் தொண்டை கட்டும்" என்பாள்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அந்த இடத்தில் குழாயின் சுவர் மெலிந்திருந்தது, பிறவியிலேயே அப்படி, யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றார் டாக்டர். அவன் வேலை பார்ப்பது லிஃப்ட் கம்பெனியில். தயாரிப்பிலேயே பழுது என்றால் தயாரித்தவன் வந்து கைகட்டி நிற்பான். இங்கே வக்கீல்தான் வந்து நின்றார். அவரும் கைகட்டவில்லை.

அவன் வேலை, மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவன் மேசையில் மணி அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: காரணம் சொல்லக் கூடாது. ஆள் வந்துகொண்டிருக்கிறார், கதவைத் தொடாதீர்கள், நான் லைனிலேயே இருக்கிறேன். இவ்வளவுதான் பேச்சு. ஏன் நின்றது என்று எத்தனை முறை கேட்டாலும் தெரியாது என்றே சொல்ல வேண்டும்.

இந்த விதி சும்மா வந்ததல்ல. முன்பு ஒருவன் வாய் தவறி, "வெயிட் அதிகமாயிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டான். உள்ளே எட்டுப் பேர். அதில் ஒருவர் நல்ல பருமன். மெக்கானிக் போய்க் கதவைத் திறப்பதற்குள் ஏழு பேரும் சேர்ந்து அந்த மனிதரைத் தேம்பித் தேம்பி அழவைத்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் மேலே ஒரு ஃபியூஸ் போயிருந்தது.

மனைவி போன பிறகு, சமைத்துப்போட ஆள் வேண்டுமே என்று மாமியார் அவனோடு வந்து தங்கினார். மாமனார் எப்போதோ போய்விட்டார். வக்கீலின் கூட்டம் இந்த வீட்டுக்கு முறைவைத்து வந்தபோது அவன் மறுக்கவில்லை. நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தான்.

"காரணம் இல்லாம அவர் ஒரு துரும்பையும் அசைக்க மாட்டார்" என்று அன்று முழங்கினார் வக்கீல். "எங்கேயோ ஒரு காரணம் இருக்கு. நாமதான் நமக்குள்ள தேடிப் பாக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தேடிப் பார்க்க யாருக்கும் உத்தேசமில்லை. மாமியாரைத் தவிர.

அடுத்த ஞாயிறு காலை வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கவில்லை. அவன் அடியில் வாளியை வைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினான். வளைவில் மாத்திரைகள் அப்பிக் கிடந்தன. பாதி கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுண்ணாம்புக் கட்டிபோல. மாமியாருக்குச் சர்க்கரை நோய். தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் அவனே மாத்திரையை எடுத்துக் கொடுப்பான். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, முகம் கழுவப் போவார்.

மாமியாரின் விரலைக் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தான். நானூறைத் தாண்டியிருந்தது. மருந்தை விட்டால் முதலில் கண், அப்புறம் சிறுநீரகம் என்று டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

"என்ன அத்தை இது?"

"மாத்திரை."

"அது தெரியுது. வாய்க்குள்ள போக வேண்டியது குழாய்க்குள்ள எப்படிப் போச்சு?"

"குழாய்க்கும் சர்க்கரையோ என்னமோ."

அவனுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. மனைவிக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. ஆனால் மாமியார் சிரிக்கவில்லை.

"தேடச் சொன்னாருல்ல அண்ணன்? தேடினேன். கெடைச்சிருச்சு மாப்பிள்ளை."

"என்ன கெடைச்சுது?"

"மூத்தவன் தவழக்கூட ஆரம்பிக்கல. அதுக்குள்ள இவ வயித்துல. வாந்தி எடுத்து எடுத்துக் குடலே வெளிய வந்துரும் போல இருந்துச்சு. ஒரு நாள் குளியலறைத் தரையிலயே உக்காந்து, கடவுளே, இது எனக்கு வேண்டாம், நீங்களே எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துக்கிட்டார். கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான். கேட்டவ நான். நான் மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா இருக்கறது நியாயமா, சொல்லுங்க."

யாரும் அவரைக் கைகாட்டவில்லை. லிஃப்டில் தனியாக நின்று, தன்னைத்தானே பருத்த மனிதராக்கிக்கொண்டிருந்தார்.

பதறிப்போனவன் செய்யக் கூடாததைச் செய்தான்.

"அப்படியெல்லாம் இல்ல அத்தை. டாக்டர் சொன்னாரே. ரத்தக்குழாய் பொறப்புலயே பலவீனமா இருந்திருக்கு. அதுதான் காரணம்."

மாமியார் நிமிர்ந்தார். "பொறப்புலயேவா?"

"ஆமா."

"அப்போ என் வயித்துல இருக்கும்போதே." மெதுவாகத் தலையாட்டினார். "அதான். நான் வேண்டாம்னு சொன்ன அந்த நேரம்."

இத்தனை வருஷம் இந்த வேலையைப் பார்த்தவன், நேற்றுச் சேர்ந்தவனைப் போலக் காரணம் சொல்லிவிட்டான். அதுவும் உண்மையான காரணம். அதுதான் இன்னும் கேவலம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு ஒரு எம்.பி.பி.எஸ். சான்றும் சேர்த்துக் கொடுத்தாயிற்று.

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. மனைவி போனபிறகு முதல் கோபம். உள்ளே இன்னும் ஏதோ ஓடுகிறது என்பது அவனுக்கே புதிதாக இருந்தது.

"அவ பொறந்த பிறகு அவளுக்காகக் கடவுள்கிட்ட ஏதாவது கேட்டீங்களா அத்தை?"

"இது என்ன கேள்வி? தெனமும் கேட்டேன்."

"என்னன்னு?"

"நோய் நொடி இல்லாம இருக்கணும். நீண்ட ஆயுசா இருக்கணும். வேற என்ன கேப்பாங்க பெத்தவங்க."

"அவ்வளவையும் காதுல வாங்காம, வாந்தி எடுக்கும்போது சொன்ன ஒத்த வார்த்தைய மட்டும் முடிஞ்சு வச்சிருந்து, இப்போ வந்து நடத்திக் கொடுத்தாராக்கும்."

மாமியார் வாளியைக் காலால் தள்ளிவைத்தார்.

"எங்க ஆபீஸுக்கு வருஷத்துக்கு நூறு பேர் லிஃப்டுக்குள்ள இருந்து, இதுக்குச் செத்தே போயிடலாம்னு கத்துவாங்க. அதைக் கேட்டவன் ஒருத்தன், அவங்க பத்திரமா வீடு போய்ச் சேர்ந்து, புள்ளைகுட்டியோட சந்தோஷமா இருக்கறப்போ, இந்தாம்மா நீ கேட்டதுன்னு கொல்றதுக்கு ஆளை அனுப்பினா? வேலையை விட்டுத் தூக்கறதோட நிறுத்த மாட்டோம். போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்போம்."

"கடவுளைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பீங்களா மாப்பிள்ளை?"

"நீங்க சொல்ற கடவுளைக் கொடுப்பேன்."

"அப்போ எதுக்குத்தான் எடுத்தார்?"

"தெரியாது அத்தை."

"படிச்சவரு, உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது. உங்களால இல்ல. அது மட்டும் தெரியும். மத்ததை அவரைத்தான் கேக்கணும். நீங்களே போய்க் குத்தவாளிக் கூண்டுல ஏறி நின்னுட்டா, அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவார்."

ஒரு மாத்திரையைப் பிரித்து மேசைமேல் வைத்தான். அவர் அதைத் தொடவில்லை. மத்தியானமும் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். "வந்தாலும் அங்க இருக்கற குழாயிலதான் போடுவேன்" என்றார்.

துக்க வீடு என்பதால் கூட்டம் இந்த ஞாயிறும் இங்கேதான். சாயங்காலம் வக்கீல் தன் மகளையும் பத்துப் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் தொண்டையைச் செருமி, "அன்பே உருவான நம்ம கடவுள்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மாமியார் குறுக்கிட்டார்.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"வேண்டாம்னு ஒரு தடவ சொன்னது அவருக்குக் கேட்டுதுன்னா, வேணும் வேணும்னு தெனமும் சொன்னது ஏன் கேக்கல?"

வக்கீலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர். "சின்னப் புள்ளைக்கு ஊசி போட்டா, அம்மா நம்மளைக் குத்தறாளேன்னு அது அழும். நல்லதுக்குன்னு அப்புறம்தான் புரியும். அந்த மாதிரிம்மா இது."

"ஊசி போட்டா புள்ளை பொழைக்கும் அண்ணே. இது செத்துப்போச்சு."

யாரோ இருமினார்கள். வக்கீல் குரலை இன்னும் இனிமையாக்கினார். "அவர்கிட்ட பெரிய திட்டம் ஒண்ணு இருக்கும். நம்ம சிற்றறிவுக்கு எட்டாது."

"இருக்கட்டும். அந்தத் திட்டத்துக்கு என் மகதான் கெடைச்சாளா? உங்க வீடும் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு."

வக்கீலின் கை தானாக நீண்டு, பக்கத்திலிருந்த தன் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு காலம் யாருக்காக வாதாடினாரோ அந்தக் கட்சிக்காரரிடமிருந்து பெண்ணைக் காப்பாற்றுகிறவர்போல இருந்தது. அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"நீங்க கஷ்டப்படாதீங்க அண்ணே. உங்களைக் கேட்டு என்ன ஆகப்போகுது" என்றார் மாமியார், சற்று இரக்கத்தோடு. பிறகு திரும்பினார். "மாப்பிள்ளை, அதைக் கொண்டாங்க. தண்ணியும்."

கொண்டுவந்தான். விழுங்கினார். வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினார்.

"அவர் வாயால பதில் சொல்ற வரைக்கும் நான் போறதா இல்ல" என்றார்.

கூட்டம் சீக்கிரமே கலைந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா மாப்பிள்ளை? கடவுள் கோவிச்சுக்குவார்" என்றார் வக்கீல். மகளின் கையை அவர் இன்னும் விட்டிருக்கவில்லை.

"கோவிச்சுக்கட்டும் மாமா. நேர்ல வந்து கோவிச்சுக்கட்டும்."

மறுநாள் காலை சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. அவர் வழக்கமாகப் பிரார்த்தனை செய்கிற நேரம். நேற்றுவரை 'நீங்க' என்றிருந்தது இன்று 'நீ' ஆகியிருந்தது. "ரெண்டு கண்ணையும் எங்க கொண்டுபோய் அடகு வச்ச? ஒத்தப் பொண்ணைப் பாத்துக்கோன்னு குடுத்தா, எங்க பராக்கு பாத்துக்கிட்டு நின்ன? உனக்கெல்லாம் ஒரு வீடு, உனக்கெல்லாம் ஒரு விளக்கு." நிறுத்தி, மாத்திரைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி தொடங்கினார்.

அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்குத் திட்டுவதற்காவது ஒருவர் இருக்கிறார். அவனுக்கு அந்த வசதியும் இல்லை. வேலைக்கு நேரமாகியும் கதவருகிலேயே நின்றான்.

"எனக்கும் சேத்து ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க அத்தை."

"சொல்லியாச்சு" என்றார் மாமியார், திரும்பாமலே. "உங்களோடதைத்தான் முதல்ல சொன்னேன்."